கீபோர்டுக்குக் கீழே இன்னொரு ஸ்லாட்

போன மாதம் தினேஷ் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் இப்போது என் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் அவன். படத்தில் புது லேப்டாப் ஒன்று அடிமூடி கழன்று மல்லாக்கக் கிடந்தது. பேட்டரி இருந்தது, ஃபேன் இருந்தது, ரேம் என்கிற மெமரியைச் செருகுகிற ஸ்லாட்டை மட்டும் காணவில்லை. செய்கிற இடத்திலேயே போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து அனுப்பிவிட்டார்கள். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. கீழே, "அண்ணா, இனி நமக்கு இதுல வேலை இல்லீங்களா?" என்று கேட்டு, அழுகிற முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

வேலை போயிற்றென்று அழுதவன் அடுத்த நிமிடமே எனக்கு ஒரு வேலை வைத்தான். திருப்பூரிலுள்ள கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதற்கு நான் எழுதித் தர வேண்டுமாம். "லேப்டாப்புக்கு ரேம் ஏத்தலாமா வேண்டாமான்னு நீங்க எப்படிங்கண்ணா முடிவு பண்ணுவீங்க? அதை மட்டும் எழுதுங்க, போதும்" என்றான்.

அதை மட்டும் எழுதுவதென்றால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த முடிவைச் சொல்லிச் சொல்லியே என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. அதில் ஒரு முடிவு இன்னும் என்னை விட்டபாடில்லை. எழுத உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே தினேஷ், இடம் போதவில்லை என்றால் எங்கே வேண்டுமோ வெட்டிக்கொள். என்னிடம் கேட்க வேண்டாம்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். கொஞ்ச காலம் டி.வி. ரிப்பேர் கடையில் பிக்சர் ட்யூபுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியதும் இந்தப் பக்கம் தாவினேன். அவிநாசிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவன், பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் சபாபதி சாரிடம் வந்து சேர்ந்த பிறகு நடந்தது.

சபாபதி சார் எங்கள் சர்வீஸ் ஹெட். காங்கேயத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள், அவர் பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷ் ஒன்று வைத்திருப்பார். கம்பெனிகளில் ஒரு மெஷின் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டால், போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவார். "நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. நான் சும்மா இருக்கறனுங்க" என்பார்.

வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவர்களுக்கு ஒரே தவிப்பாக இருக்கும். சார் கண்டுகொள்ள மாட்டார். அவர் திரையைப் பார்க்கவே மாட்டார், வேலை செய்கிறவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் அந்தக் கை மவுஸை விட்டுவிட்டு டீ கிளாஸுக்குப் போகிறதோ, அங்கேதான் மெஷின் திணறுகிறது என்று அர்த்தம். அதைக் குறித்துக்கொண்ட பிறகு, புறங்கையை மெஷினின் பக்கவாட்டில் காற்று வெளியேறும் இடத்தில் வைத்துப் பார்ப்பார். அதற்கப்புறம் டிஸ்க். கடைசியாகத்தான் மெமரி. காற்று, டிஸ்க், மெமரி, இந்த வரிசையை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை.

வெளியூர்ச் சர்வீஸ்காரர்களுக்கு இதில் காற்று ஏன் முதலில் வருகிறது என்று புரியாது. நம் ஊரில் காற்றில் பாதி பஞ்சு. நிட்டிங், கட்டிங், தையல் என்று எல்லா இடத்திலும் மெல்லிய தூசு பறந்துகொண்டே இருக்கும். லேப்டாப் அதை உறிஞ்சி உறிஞ்சி உள்ளே அடைத்துக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்பெனிக்காரர் உடனே, "ரேம் பத்தலீங்க, ரேம் போடுங்க" என்பார். மூக்கடைத்துக் கிடக்கிறவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுக்கிற கதைதான்.

கட்டிங் செக்ஷன் லேப்டாப் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேறு யாரோ அதற்கு ஒருமுறைக்கு இருமுறை மெமரியைக் கூட்டியிருந்தார்கள். எருமை மாதிரிதான் நகர்ந்தது. சார் ஃபேனைக் கழற்றி, அதன் வாயிலிருந்து பஞ்சை நகத்தால் கிள்ளி இழுத்தார். கம்பளித் துண்டு போலக் கெட்டியாக வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தபோது அடுக்கடுக்காக நிறம் தெரிந்தது. சிவப்பு, மேலே நேவி ப்ளூ, அதற்கு மேலே வெள்ளை, பிறகு ஒரு பிஸ்தா பச்சை. கட்டிங் மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த செவப்பு கிறிஸ்மஸ் ஆர்டருங்க. இது ஸ்கூல் பனியன். அட, இந்தப் பச்சை கேன்சலாச்சே, அதுங்க!" என்று சொல்ல, சுற்றி நின்ற எல்லாரும் சிரித்துவிட்டோம். ஃபேனை மாட்டியதும் மெஷின் ஓட்டமாய் ஓடியது.

அன்று திரும்பி வரும்போது சார் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி சொன்னார். "மெஷினுக்கு வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். இடையில நம்ம ஆசையைக் கொண்டு போய் வெக்கக் கூடாதுங்க, வேலு." வியாபார ஆசையைத்தான் சொல்கிறார் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் நான் மெமரியே போடாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனையோ போட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலையில் எனக்குக் கொள்ளை ஆசை. மின்சார வயரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து, உள்ளே தங்கியிருக்கிற மின்சாரமும் போகப் பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் கம்பியைத் தொட்டு நம் உடம்பிலிருப்பதையும் இறக்கிவிட வேண்டும். மெமரிப் பலகையை ஓரத்தில் பிடித்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைக்க வேண்டும். சாய்வாகச் செருகி, மேலிருந்து அமுக்கினால், இரண்டு பக்கமும் கிளிப் விழுகிற சத்தம் கேட்கும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே நான் இந்த வேலையில் இருந்தேன் என்று சொன்னால் தினேஷ் சிரிப்பான். சிரிக்கட்டும். இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போது விரல்கள் அந்தச் சத்தத்தைத் தேடுகின்றன. ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து திறந்து மூடுகிறேன் என்று அக்கா மகள் கேலி செய்கிறாள்.

இனி அந்த முடிவுக்கு வருகிறேன்.

பல்லடம் ரோட்டில் ஓர் ஏற்றுமதி கம்பெனி, எங்களுக்கு மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் இருந்த இடம். அங்கே கேட் (CAD) ரூமில், அதாவது துணி வெட்டுவதற்கான வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போடுகிற அறையில், மார்க்கர் போடுகிற வேலையில் ஒருவர் இருந்தார். ஒரு சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று எல்லாத் துண்டுகளையும், எல்லா சைஸ்களுக்கும், துணி வீணாகாதபடி கம்ப்யூட்டரில் நெருக்கி அடுக்குவார்கள். அதற்குத்தான் மார்க்கர் என்று பெயர். அவருடைய உண்மைப் பெயரை எழுத மாட்டேன். எஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சாத்தான்குளம் பக்கம். தகப்பனார் இல்லாத வீட்டில் மூத்தவர். திருப்பூருக்கு வந்து, தையல் மெஷினில் தொடங்கி, கேட் ரூம் வரை வந்து, மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர். தனக்கென்று வரும்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது.

எனக்கும் அதே நிலைமைதான், காரணம்தான் வேறு. மழையை நம்பிய மானாவாரிக் காடு, ஸ்க்ரூடிரைவர் வேலை. பெண் வீட்டார் ஒவ்வொருவரும் காபியைக் குடித்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். கடைசியில் எங்கள் வீட்டிலேயே அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள்.

கேட் ரூமில் மெஷின் பார்க்கப் போனால், அங்கிருக்கிற பெண்கள் எல்லாரும் என்னை 'அண்ணா' என்பார்கள். திருப்பூரில் ஆண்களைக் கூப்பிட அதைவிட்டால் வேறு வார்த்தை கிடையாது. எஸ்தர் மட்டும் ஒருநாளும் என்னை அண்ணா என்றதில்லை. அவர் ஊர்ப் பழக்கப்படி 'அண்ணாச்சி' என்றதுமில்லை. 'வேலுச்சாமி சார்' என்பார். இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் பேச்சைத் தொடங்குவார். இதை நான் எப்போது கவனித்தேன் என்று தெரியவில்லை. கவனித்த பிறகு, அந்தக் கம்பெனியிலிருந்து கால் வந்தால் வேறு யாரையும் அனுப்ப விடுவதில்லை.

நான் எல்லாரையும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவேன். அவரையும் அப்படித்தான். ஒருநாள் அவர் மவுஸை நிறுத்திவிட்டு, "ஒங்க ஊருல பொண்டாட்டி புருஷனக் கூப்பிடுறதும் ஏனுங்கதான், கடக்காரனக் கூப்பிடுறதும் ஏனுங்கதான். எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிய?" என்று கேட்டார்.

"குரல்ல தெரியுமுங்க" என்றேன்.

அவர் திரும்பி மார்க்கரைப் பார்த்துக்கொண்டார். காதோரம் சிவந்தது எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் நடந்ததில்லை. அவர் மதம் வேறு, ஊர் வேறு, இரண்டு பேர் வீட்டுக்கும் அந்தப் பேச்சே ஆகாது. அதைவிடப் பெரிய தடை, நான் வாயைத் திறக்காததுதான்.

ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, எஸ்தர் எங்கள் சர்வீஸ் சென்டருக்கே வந்தார். தோளில் துணிப்பை, அதற்குள் அவருடைய சொந்த லேப்டாப். யாரோ தையல் யூனிட்டை மூடியபோது பழசாக வாங்கியது. மெஷினை மேஜையில் வைத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். ஊரில் அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த கடைசித் தங்கை, புருஷன் வேலை பார்க்கும் ஊருக்குப் போகிறாள். அம்மாவுக்கு இனி ஆள் வேண்டும்.

"கம்பெனில கேட்டேன். ஊருல இருந்தே மார்க்கர் போட்டு அனுப்பு, வேலைய விட வேண்டாம்னு மேனேஜர் சொல்லுதாவ. ஆனா கம்பெனி மெஷினக் குடுக்க மாட்டாவளாம். என் மெஷின்ல அவிய ஃபைல் தொறக்கணும். இது பெரிய ஃபைலப் போட்டா அப்படியே நின்னுருது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைல காமிச்சேன். இதுல ரேம் ஏறாது, வேற வாங்குன்னுட்டான். வேற வாங்குறதெல்லாம் இப்ப நடக்காது." மெஷினை என் பக்கம் தள்ளி, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மெமரி ஏறினால் அவர் ஊருக்குப் போவார். ஏறாவிட்டால் போக முடியாது, வேலைக்காக இங்கேயே இருந்தாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

சார் வழியைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதைப் பிடிப்பது? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "நீங்க வேலையைப் பாருங்க" என்றேன். அவர் ஒரு பெரிய மார்க்கரைத் திறந்தார். கோடு போட்ட துணி, எல்லா சைஸும் கலந்த ஆர்டர். அவர் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும், அது தொழில். ஊசி பட்டுத் தழும்பான ஆள்காட்டி விரல், நகத்தில் சாயம் எதுவும் இல்லை. பாதித் துண்டுகள் வந்ததும் மெஷின் நின்றது. கை மவுஸிலிருந்து விலகி மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

புறங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று நன்றாக வந்தது. மெஷினைத் துணி போட்டு மூடி வைக்கிறவர் அவர், உள்ளே பஞ்சே இல்லை. டிஸ்க்கைச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. மெமரியைப் பார்த்தேன், விளிம்பு வரை நிரம்பித் ததும்பியது. வைக்க இடமில்லாமல் மெஷின் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. மெமரிதான் குறை. இந்த முறை அதில் சந்தேகமே கிடையாது.

அடிமூடியைக் கழற்றினேன். ஒரு ஸ்லாட், அதில் நாலு ஜி.பி. அந்தப் போர்டில் ஒரு ஸ்லாட்டுக்கு அதற்கு மேல் தாங்காது. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் இதைப் பார்த்துத்தான் ஏறாது என்றிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, யார் திறந்தாலும் அதுதான் தெரியும். ஆனால் அந்த மாடலில் கீபோர்டைத் தூக்கினால் அதற்குக் கீழே இன்னொரு ஸ்லாட் உண்டு. அதே மாடலைப் பல கம்பெனிகளில் பிரித்திருக்கிறேன். அவருடைய மெஷினில் அது காலியாக இருக்கிறது என்பதை, மெமரியைப் பார்த்தபோதே திரை காட்டியிருந்தது.

அவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறாதுங்க என்று நான் சொன்னால் அதோடு முடிந்தது. ஏற்கெனவே ஒருவர் சொன்னதுதான். பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஒரு டீ சொல்றனுங்க, குடிச்சிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி அறைக்குள் சாரிடம் போனேன்.

"என்னுங்க, பாத்துட்டீங்ளா?" என்றார் சார்.

"பாத்தனுங்க. அடி ஸ்லாட்டு ரொம்பிருச்சுங்க. அதுல ஏறாதுங்க."

"கீபோர்டுக்கு அடியில?"

"காலியா இருக்குதுங்க."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?"

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கதவு வழியாக எஸ்தரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒருவேளை வெகுநாளாகவே தெரிந்திருக்கலாம், அந்தக் கம்பெனிக்கு மட்டும் நான் ஓடி ஓடிப் போனதை அவர்தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

"வேலு, மெமரி போடறது ஒரு வேலைங்க. அவங்ககிட்டப் பேச வேண்டியதைப் பேசறது இன்னொரு வேலைங்க. ஒண்ணுக்காக இன்னொண்ணைக் கெடுத்துராதீங்க. ரெண்டையும் இன்னைக்கே முடிங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பருக்குள் குனிந்துவிட்டார்.

வெளியே வந்தேன். "கீபோர்டுக்குக் கீழ இன்னொரு ஸ்லாட் இருக்குதுங்க. அதுல போடலாமுங்க. உங்க ஃபைல் திறக்குமுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"இருக்கா?" என்றார். அப்புறம், "போடலாமா?" என்றார்.

"போடலாமுங்க."

"அப்பச் சரி, போட்டுருங்க."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. அம்மாவின் கவலை என்று நினைத்துக்கொண்டேன். கீபோர்டின் மேல்விளிம்பிலிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, அதைப் புத்தகம் திறப்பது போல் தூக்கினேன். காகிதம் போன்ற பட்டை வயர் அறுந்துவிடாமல் அதன் பூட்டை நகத்தால் நிமிர்த்தினேன். ஸ்லாட் அழுக்குப்படாமல் இருந்தது. பலகையைத் துடைத்து, சாய்த்துச் செருகி, அமுக்கினேன். கிளிப் விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

மெஷினை ஆன் செய்து, அதே மார்க்கரைத் திறக்கச் சொன்னேன். மளமளவென்று எல்லாத் துண்டுகளும் வந்து நின்றன. எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் சொன்ன முதல் வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது வேலைக்கு நாக்கு எழும்ப வேண்டுமே. போகாதீங்க என்று சொல்ல வேண்டும். இல்லை, அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வாங்க, நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "டீ ஆறிப் போச்சுங்க. வேற சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்" என்றார். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவர் ஊருக்குக் கிளம்பினார். கேட் ரூம் பெண்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்களாம். நான் அன்று சாமளாபுரத்தில் ஒரு தறிக்கூடத்து ஆபீஸில் பிரிண்டர் பார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். தறிச் சத்தத்தில் எதையும் நினைக்க முடியாது, அதற்காகத்தான் போனேன். மறுபடி கேட் ரூமுக்குப் போனபோது அவர் நாற்காலியில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். "வாங்கண்ணா" என்றாள். சபாபதி சார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சார் காலமாகியும் சில வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தால் ஒருவேளை இப்போது கேட்டிருப்பார்.

எஸ்தர் போனபின் கொஞ்ச நாளில் ஒரு போன் வந்தது. மெஷின் மெதுவாக இருக்கிறது என்றார். இங்கிருந்தே அவருடைய மெஷினுக்குள் போய்ப் பார்க்கிற சாஃப்ட்வேரைப் போடச் சொல்லி, இணைத்தேன். என் திரையில் அவருடைய திரை வந்தது. அதில் மவுஸ் அம்பு ஒன்று நகர்ந்தது. அதை நகர்த்துவது சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிற அவருடைய கை என்று தெரிந்தபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதென்று தூசு விழுந்தாற்போல் துடைத்துக்கொண்டேன்.

மெமரியில் பாதி காலியாக இருந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

"ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"அப்படியா? எனக்குத்தான் மெதுவாத் தெரியுது போல" என்றார்.

அப்படியே வருடங்கள் போயின. மாதம் ஒருமுறையோ, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ அழைப்பு வரும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நான் காற்றைக் கேட்பேன், டிஸ்க்கைப் பார்ப்பேன், மெமரியைப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே அம்மா எப்படி இருக்கிறார் என்பேன். கம்பு ஊன்றி நடக்கிறார் என்பார், மழை வரவில்லை என்பார், இன்றைக்குக் கோடு போட்ட துணி என்று திட்டுவார். அம்பைச் சில நேரம் நான் நகர்த்துவேன், சில நேரம் அவர் நகர்த்துவார். மெஷின் நன்றாக இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஒரு கஸ்டமரை மட்டும் நான் தினேஷிடம் ஒப்படைக்கவில்லை.

போன வாரம் எஸ்தர் கூப்பிட்டார். இந்த முறை நிஜமாகவே கோளாறு. கம்பெனி மார்க்கர் சாஃப்ட்வேரைப் புதிதாக மாற்றிவிட்டது. அதை ஏற்றியதும் மெஷின் பழையபடி நிற்கிறது. "இன்னும் ரேம் ஏத்தலாமா, இல்ல புதுசு வாங்கணுமா?" என்றார்.

இணைத்துப் பார்த்தேன். மெமரி மறுபடி விளிம்பு வரை வந்துவிட்டது. இரண்டு ஸ்லாட்டும் நிறைந்திருக்கின்றன. அந்தப் போர்டு தாங்குகிற அளவே அவ்வளவுதான். எங்கேயும் இன்னொரு ஸ்லாட் கிடையாது. தேடிப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அம்பை இங்கும் அங்கும் நகர்த்தினேன். பிறகு சொன்னேன்.

"இனி ஏறாதுங்க. புதுசு வாங்கிருங்க. இப்ப வர்றதுல மெமரியைப் பின்னால கூட்ட முடியாதுங்க, போர்டோட ஒட்டி வருது. அதனால வாங்கறப்பவே பதினாறு ஜி.பி. இருக்கறதாப் பாத்து வாங்குங்க. அதுக்கப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியதே இருக்காதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசியில் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அம்பு திரையின் நடுவில் அசையாமல் நின்றது.

"அன்னைக்கு அந்த பஸ் ஸ்டாண்டு கடக்காரன் ஏறாதுன்னு சொன்னாம்லா" என்றார் எஸ்தர். "அதோட நான் அங்கயே இருந்திருக்கலாம். அம்மைய அங்க கூட்டிட்டு வந்திருக்கலாம். ஒங்க வாயால ஒருவாட்டி ஏறாதுன்னு கேக்கணும்னுதான் ஒங்ககிட்டக் கொண்டாந்தேன்."

என் கை மவுஸை விட்டு விலகிவிட்டது.

"நீங்க என்னடான்னா, கீபோர்டையே தூக்கிட்டிய" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போனில் தெரியவில்லை.

"ஏனுங்க" என்றேன். கையை மறுபடி மவுஸின் மேல் வைத்தேன். "இப்ப நான் புறப்பட்டு அங்க வந்தா?" என்றேன்.

உள்ளேயிருந்து வயதான குரல் ஒன்று அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அம்மா கூப்பிடுதாவ. ஒரு நிமிசம், போய்ட்டு வாரேன்" என்றார். நாற்காலி நகர்ந்தது. பிறகு அவசரமாகத் திரும்பி வந்து போனில் சொன்னார். "வேலுச்சாமி, வச்சிராதீங்க."

"இருக்கறனுங்க" என்றேன்.